மெஷின் கோளாறு

தம்பி, சித்த அக்கட்ட நகந்துக்கறீங்களா? இந்தக் காலை மடக்க முடியாதுங்க, நீட்டித்தான் வெக்கோணும். உங்க மேல பட்டாலும் படும், கோவிச்சுக்காதீங்க. உள்ளார கம்பி வெச்சிருக்காங்க. வலது காலு, மொழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போச்சு. ஈரோட்டுல கட்டு மாத்திக்கிட்டு நேரா ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கேன். இன்னிக்கு அங்க விசாரணை.

வண்டியில வுளுந்துட்டீங்களான்னுதானே கேக்க வந்தீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இல்லீங்க. ரோபோ அடிச்சுப்போடுச்சு. சிரிங்க சிரிங்க, டாக்டரும் மொதல்ல சிரிச்சாரு. எக்ஸ்ரேவைப் பாத்துப்போட்டுத்தான் வாயை மூடுனாரு.

நான் பி.டி. மாஸ்டருங்க, பேரு சென்னியப்பன். திருச்செங்கோடு போற வழியில ஒரு பெரிய ஸ்கூல் வருமே, ஹாஸ்டலோட, அங்கதான் வேலை. இன்னிக்கு நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். மெஷின் கோளாறு. அவ்வளவுதான். எங்க தாளாளர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காரு. சொன்னா வேலை நிக்கும், இல்லாட்டி ஊட்டுக்குத் தாட்டி விட்டுருவாங்க. ஆனா நான் மட்டும் சொன்னாப் பத்தாதே. அன்னிக்கு ரிமோட்டு கையில வெச்சிருந்தது கனிஷ்கான்னு ஒரு புள்ளை, பதினொண்ணாவது படிக்குது. அதும் அதையே சொல்லோணும். மாட்டேங்குது. அங்கதான் அக்கப்போரே.

எனக்கு இந்த ரோபோ கீபோ எல்லாம் என்னங்க தெரியும்? நான் கபடிக்காரன். என்ர பசங்க ஆடப் போனா எதுத்த டீம்காரன் கட்டுத்துணியோட வருவான், அப்படிப் பேரு வாங்குனவன். எங்க ஸ்கூலுக்கு எதுத்தாப்பல இன்னொரு ஸ்கூலு இருக்குது. அவங்க போன வருசம் ரோபோ சண்டைப் போட்டியில கப்பு வாங்கிப்போட்டு, ரோட்டு மேல பிளெக்ஸ் கட்டிப்போட்டாங்க. எங்க தாளாளரு கார்ல வந்தாலும் போனாலும் அது மூஞ்சிக்கு நேரா நிக்கும். மனுசனுக்குத் தூக்கம் போச்சு. அந்த நேரம் பாத்து எங்க கம்ப்யூட்டர் சாரு வேற பெங்களூருல வேலை கெடைச்சுதுன்னு ஓடிட்டாரு. கூப்புட்டாரு என்னை. சென்னியப்பா, இதும் சண்டைதானே, நீ பாத்துக்கோன்னாரு. கப்பு வந்தா சரி, வரலீன்னா அடுத்த வருசம் பி.டி. பீரியடு முச்சூடும் யோகா டீச்சருக்குக் குடுத்துருவேன்னாரு. யோகாவுக்குங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

டீம்ல மூணு பேரு இருந்தாங்க. ஒருத்தன் பாதியில ஓடிப்போயிட்டான், ரோசங்கெட்டவன், அவனை உடுங்க. இந்தக் கனிஷ்கா இருக்குது பாருங்க, அதுங்க அப்பா போர்வெல் வண்டியில இருக்கறாரு. திருச்செங்கோட்டுக்காரங்களைக் கேக்கோணுமா, வருசத்துல பாதி நாளு வடக்க எங்கியாவது பூமியைத் தொளைச்சுக்கிட்டு இருப்பாரு. அந்தப் புள்ளை வண்டி ரிப்பேர் செட்டுலயே வளந்தது, ஸ்பேனரு சத்தத்துலயே தூங்கி எந்திரிச்சது. இன்னொருத்தன் மௌலி, மௌலீஸ்வரன். அவங்களுக்குப் பள்ளிபாளையத்துல தறி. வாயே தொறக்க மாட்டான், ஆனா கையி ரெண்டும் பூ வெச்சாப்பல அத்தனை பதனமா வேலை செய்யும். மெஷினைக் கட்டறது அவ, ஓட்டறது அவன்.

மெஷினு எப்படின்னா, தரையோட தரையா படுத்தாப்பல இருக்கும். முன்னாடி ஒரு இரும்பு உருளை, கரகரன்னு சுத்தும். அந்த உருளையில ரெண்டு பல்லு. தேஞ்சுபோன போர் பிட்டுல இருந்து எடுத்துக் கனிஷ்கா பதிச்சது. பாறையவே தின்ன பல்லுங்க அது. புள்ளைங்க அதுக்குப் பூரான்னு பேரு வெச்சாங்க. நான் வேங்கைன்னு வெக்கச் சொன்னேன், கேக்கலை.

அப்புறம் ரூல்ஸுன்னு ஒண்ணு. கபடிக்கு ஒரு தாள்ல முடிஞ்சுரும். இதுக்கு ஒரு பொஸ்தகமே குடுத்தாங்க. எடை இவ்வளவுக்கு மேல போகக்கூடாது. பெரியவங்க யாரும் மெஷினைத் தொடக்கூடாது, படிக்கிற புள்ளைங்கதான் எல்லாம் செய்யோணும். சண்டை போடற கூண்டுக்கு வெளியில இருக்கறப்ப உருளை சுத்தாம ஒரு இரும்பு லாக்கு போட்டு வெக்கோணும். சண்டை முடிஞ்சதும் கூண்டுக்குள்ளயே பேட்டரி பிளக்கைப் புடுங்கிப்போட்டுத்தான் வெளிய தூக்கோணும். ஹாரன் அடிச்சா அந்த நொடியே நிறுத்தோணும், அதுக்கு மேல ஒரு அடி உழுந்தாலும் டீம் அவுட்டு. கனிஷ்கா இதை எல்லாம் மனப்பாடமா ஒப்பிச்சா. நான் கேட்டேன், ஏம்மா, இது சண்டைப் போட்டியா, கல்யாணப் பந்தியா?

நான் எனக்குத் தெரிஞ்ச முறையில டிரெயினிங் குடுத்தனுங்க. விடியால மெஷினை மூணு பேரும் தூக்கிக்கிட்டு கிரவுண்டைச் சுத்தி ஓடோணும். கீழ வெச்சா ஸ்கிப்பிங் கவுறு பேசும். ரோபோவுக்கு எதுக்கு சார் ஓடறதுன்னு அந்த ஓடிப்போன பையன் கேட்டான். கேட்ட வாய்க்கு ஒண்ணு வெச்சேன், அன்னிக்கு ஓடுனவன்தான். மெஷினை ஓட்டறது மனுசன், மனுசனுக்கு வெறி இல்லீன்னா மெஷினுக்கு எங்கிருந்து வரும்? பூசணிக்காயை உட்டு அடிக்கச் சொன்னேன். தேங்காய், ஒடைஞ்ச ஃபேனு, மெஸ்ஸுல இருந்த பழைய குக்கரு. எல்லாத்தையும் பூரான் கிழிச்சுதுங்க, பாத்தாவே கைகாலு முறுக்கேறும். ஆனா அடிபடறது திருப்பி ஓடோணும் பாத்தீங்களா, நின்னுக்கிட்டே இருக்கறதை அடிச்சு என்ன பிரயோசனம்?

கனிஷ்கா ஒம்போதாவது படிக்கறப்ப ஒரு சின்ன ரோபோ பண்ணியிருந்துச்சு. தரையில கருப்புக் கோடு போட்டா அது மேலயே போயி, சாக்பீஸ் டப்பாவை டீச்சருங்க கையில குடுத்துப்போட்டு வரும். ஸ்டாஃப் ரூம்ல எல்லார்த்துக்கும் அது செல்லம். அதை எடுத்தாரச் சொல்லி, பூரான் பழகறதுக்குன்னு சிமென்டு பூசி வெச்சிருந்த குழியில உட்டேன். கருப்புக் கோட்டையும் நானே போட்டேன். பூரானை மௌலி ஓட்டப் போனான், இல்ல கண்ணு, நீயே ஓட்டுன்னு ரிமோட்டை அந்தப் புள்ளை கையில குடுத்தேன். பெத்த கையே அடிச்சாத்தான் மனசு கல்லாகும், இது கபடியில நான் கண்ட உண்மை. அண்ணன் தம்பிங்களை எதுத்தெதுத்தா ஆட வெச்சு எலும்பொடைய உட்டவன் நானு.

அந்தக் குட்டி பாட்டுக்குக் கோட்டு மேல வந்துட்டே இருந்துச்சுங்க. எதுத்தாப்பல என்ன வருதுன்னு அதுக்கு எங்க தெரியும்? மொத அடியில சக்கரம் பறந்துச்சு, ரெண்டாவது அடியில வயரு கொடலாட்ட வெளிய வந்துச்சு, சாக்பீஸ் நொறுங்கி வெள்ளைப் பொடியா பறக்குது. அப்பவும் அது ஒத்தச் சக்கரத்தை வெச்சுக்கிட்டுக் கோட்டைத் தேடுச்சு. அந்தப் புள்ளை அழுகும், நாலு வார்த்தை சமாதானம் சொல்லலாமுன்னு பாத்தேன். ம்ஹும். சொட்டுக் கண்ணீரு இல்லை. ரிமோட்டைத் தொடைச்சு என்ர கையில குடுத்துப்போட்டு, சேலை கட்டுன பொம்பளையாட்ட நிமுந்து நடந்து போச்சு. அன்னிக்கே நினைச்சேன், இந்தப் புள்ளை நம்ம புள்ளைன்னு.

மௌலிதான் சித்த மெதுவு. எடையில வந்து நின்னுச்சு பிரச்சினை. தராசுல வெச்சா அரைக்கிலோ எச்சு. எடைன்னா எனக்கா தெரியாது? ஜூனியர் கபடிக்கு எத்தனை பசங்களை எளைக்க வெச்சிருக்கேன். மொட்டை அடிச்சு உட்டிருக்கேன், வெய்யில்ல கம்பளி போத்தி ஓட உட்டிருக்கேன், எச்சி துப்பித் துப்பியே ஒருத்தன் எடை எறங்கியிருக்கான். அதனால அந்த வாரம் ரெண்டு பேருக்கும் ராத்திரிச் சோத்தை நிறுத்துனேன். மெஷினு எளைக்கோணும், நீங்க மட்டும் தின்னுக்கிட்டிருப்பீங்களா? பசியில இருந்தாத்தான் எங்க குறைக்கலாமுன்னு ரோசனை ஓடும்.

மௌலி வந்து சொல்றான், உருளையை சன்னமாக் கடைஞ்சுக்கலாம் சார்னு. அடிக்கிற சாமானத்தைக் குறைக்கிறதா? அதை மட்டும் தொடாத, லாக்கைக் கழட்டுன்னேன். அது இரும்புப் பட்டை, கணக்கா அரைக்கிலோ வரும். ரூல்ஸ் படி சார்னு ஆரம்பிச்சான். ஒரு தட்டு தட்டுனேன், காதோட சேத்து. சாஞ்சு வுளுந்து எந்திரிச்சான். மறுக்காவும் ரூல்ஸுன்னான். ஒரே பக்கம் அடிச்சா பையன் கோணிப்போவானேன்னு அந்தப் பக்கம் ஒண்ணு. அப்புறந்தான் ஸ்பேனரைக் கையில எடுத்தான்.

அதுல இருந்து பாருங்க தம்பி, அந்தப் பையனுக்கு ஒரு திமிரு வந்துருச்சு. எது சொன்னாலும் தலையை ஒரு சாய்ப்பு சாய்ச்சு, சார்னு கேப்பான். மறுக்காச் சொல்லோணும். பின்னாடி இருந்து கூப்புட்டா திரும்பறதே இல்லை. அதுக்கும் ரெண்டு வாங்கியிருக்கான். கனிஷ்கா வந்து, சார், நீங்க அவனுக்கு முன்னால வந்து நின்னு பேசுங்கன்னுச்சு. நான் இவனுக்கு முன்னால போயி நிக்கோணுமாமா. எப்படி இருக்குது பாருங்க கதை.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? எனக்கு வேண்டாங்க, பாஸ் இருக்குது.

போட்டி கோயமுத்தூருல, ஒரு இன்ஜினீயரிங் காலேஜுல. கூட்டமுன்னா கூட்டம், மாரியம்மன் நோம்பியாட்ட. நடுவுல கண்ணாடியாட்ட ஒரு பெரிய கூண்டு, சுத்தி ஜெனரேட்டர் சத்தம், பாட்டு, மைக்கு. மொதல்ல மெஷினை செக் பண்றாங்க. ஒரு பொம்பளை இன்ஜினீயரு, கண்ணாடி போட்டவங்க, ஒவ்வொண்ணா ஆட்டிப் பாக்கறாங்க. லாக்கு போட்டிருந்துச்சு, சரின்னு எழுதிக்கிட்டாங்க. அடுத்தது எடை. செக்கிங் மேசைக்கும் எடை மேடைக்கும் நடுவுல ஒரு தூணு இருந்துச்சுங்க. அந்தத் தூணு மறைவுல ரெண்டு ஸ்குரூவைக் கழட்டி லாக்கை என்ர டிராக் பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். எடை கச்சிதம். கபடியில இதெல்லாம் சாதாரணமுங்க, எடை போட்டு முடிச்சுப்போட்டுத்தானே பிரியாணி திம்போம்.

மறுக்கா மாட்டிரலாம் சார், குடுங்கன்னு கனிஷ்கா கைய நீட்டுச்சு. ஆட்டத்துக்கு ஆட்டம் மாட்டறதும் கழட்டறதுமா இருந்தா ரோதனைன்னு குடுக்கலை. பேட்டரி பிளக்கும் அப்படித்தான். அதைப் புடுங்கி மாட்டறதுக்குள்ள சூடு ஆறிப்போகுது, ஒருக்கா மாட்டுனது மாட்டுனபடி இருக்கட்டுமுன்னு சொல்லிப்போட்டேன். கூண்டு வாசல்ல நிக்கிற ஆளுகிட்ட நான் பேச்சுக் குடுப்பேன், அந்த நேரத்துல இவங்க தூக்கிட்டு வந்துருவாங்க. ரூல்ஸுங்கறது மத்தவங்களுக்கு.

அடிச்சான் பாருங்க மௌலி. மொத ஆட்டத்துல ஒரு சேலத்துப் பசங்க மெஷினு. பூரான் போயி அடியில பூந்து ஒரு தூக்கு தூக்குச்சு, கூண்டு மேல்தட்டுல பட்டுத் தலைகீழா வுளுந்துச்சு. வுளுந்ததை உடலை. வயித்துப் பக்கமா ரெண்டு கடி, பேட்டரி ஒடைஞ்சு தீப்புடிச்சுருச்சு. கூண்டு முச்சூடும் பொகை. அந்த மெஷினைக் கட்டுன பசங்கள்ல ஒருத்தன் கண்ணாடியில நெத்தியை முட்டிக்கிட்டு அழுகறான், போதும் நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்கண்ணான்னு. நான் இந்தப் பக்கம் இருந்து மௌலி முதுவுல அடிச்சு அடிச்சுச் சொல்றேன், உடாத, உடாத. ரெண்டாவது ஆட்டத்துல ஒண்ணை நடுவால கிழிச்சு ரெண்டு துண்டாப் போட்டாச்சு. ரெண்டு துண்டும் தனித்தனியா சுத்துச்சுங்க. எனக்கு அன்னிக்கு மாதிரி சந்தோசம் என்ர கல்யாணத்துக்குக் கூட இல்லை.

கடைசி ஆட்டம். எதுக்கால யாருங்கறீங்க? அதே எதுத்த ஸ்கூலு. தாளாளரு வீடியோ கால்ல இருக்கறாரு, நான் போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவங்க மெஷினு ஒரு சம்மட்டி மெஷினு, மேல இருந்து டம்மு டம்முனு போடும். பூரானுக்கு முதுவு நெளிஞ்சுபோச்சு. ஆனா நம்மாளு சுத்திப் போயி பின்னாடி பூந்தான். சம்மட்டியே ஒடைஞ்சு வந்துருச்சு. புள்ளி நமக்குத்தான், கப்பு நமக்குத்தான், சும்மா நின்னிருந்தாப் போதும். ஹாரன் அடிச்சுட்டாங்க.

இவன் நிறுத்தலை.

ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்குது, இவன் பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கறான். எதுத்த டீம் பையன் மெஷினை எடுக்கறதுக்குக் கூண்டுக் கதவையே தொறந்துட்டான். கனிஷ்கா ஓடி வந்து இவன் கையில இருந்து ரிமோட்டைப் புடுங்குச்சு, அப்பத்தான் நின்னுச்சு. இவன் திருதிருன்னு முழிக்கறான். என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு அவ வாயைப் பாக்கறான். அந்தக் கண்ணாடி போட்ட அம்மா வந்து கையை விரிச்சுட்டாங்க. ஹாரனுக்கு அப்புறம் அடிச்சதுனால அவுட்டு. கப்பு எதுத்த ஸ்கூலுக்கு. தாளாளரு போனைக் கட் பண்ணிப்போட்டாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி, அந்த எடத்துல உங்களுக்குக் கோவம் வருமா, வராதா?

எங்க மேசை ஒரு ஓரமா இருந்துச்சு. பூரானைத் தூக்கிட்டு வந்து தரையில வெச்சாங்க. நான் மௌலி சட்டையைப் புடிச்சேன். ஹாரன் அடிச்சது கேக்கலையாடான்னேன். தலையைச் சாய்ச்சு, சார்ன்னான். அங்கயும் அதே திமிரு. அதுக்கு மேல என்ர கையி என்ர பேச்சைக் கேக்கலீங்க. செவுத்தோட சாத்தி வெச்சுப் போட்டேன். மூக்குல ரத்தம் வந்துச்சு. கீழ வுளுந்துட்டான். வுளுந்தவனை எந்திரிடான்னேன், எந்திரிக்கலை, காலால ரெண்டு. பக்கத்து மேசைக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கறாங்க, ஒருத்தரும் கிட்ட வரலை. நல்ல வளப்பு, அடுத்தவங்க விசயத்துல தலையிடலை. கனிஷ்கா மட்டும் சார், உடுங்க சார்னு ஒருக்காச் சொல்லுச்சு. மறுக்காவும் சொல்லுச்சு. மூணாவது வாட்டி சொல்லலை. நான் காலை ஓங்குனேன்.

வலது காலைக் கீழ வெக்கறப்ப கரகரன்னு ஒரு சத்தம். திரும்பறதுக்குள்ள பூரான் வந்து மோதிருச்சுங்க. வலி தெரியலை, மொதல்ல சத்தந்தான் தெரிஞ்சுது, முருங்கைக் கொம்பு முறியறாப்பல. காலு இருக்குது, பாதம் வேற தெசையைப் பாத்துக்கிட்டு இருக்குது. ரத்தம் அந்த மேசை, சுவரு, என்ர மூஞ்சி எல்லாம் தெறிச்சுருச்சு. வுளுந்தேன். லாக்கு பாக்கெட்டுக்குள்ள இருந்து தொடையில குத்துது. பூரான் சித்த பின்னாடி போயி நின்னு, உருளை சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் அசையாம கெடந்தேன். அதும் அசையாம இருந்துச்சு. அப்புறம் உருளை நின்னுச்சு. கனிஷ்கா வந்து பேட்டரி பிளக்கைப் புடுங்கி ஓரமா வெச்சுப்போட்டு, மௌலியைத் தூக்கி உக்கார வெச்சா. அதுக்கப்புறந்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுச்சு.

மெஷின் கோளாறுங்க. அத்தனை பேரு ரிமோட்டு வெச்சிருக்கற எடம், எவன் சிக்னலோ இதுல வந்து கலந்துருக்கும். இல்லாட்டி சம்மட்டி அடியில உள்ள வயரு கியரு ஒட்டியிருக்கும். வேற என்னவா இருக்கும்?

இப்ப என்னடான்னா, பக்கத்து மேசைக்காரன் எவனோ நான் மௌலியை அடிச்சதை வீடியோ எடுத்து உட்டுட்டான். அதைப் பாத்துப்போட்டு கல்வி ஆபீசுல இருந்து விசாரணை வருது. டாக்டரு வேற, பையனுக்கு ரெண்டு காதுலயும் ஜவ்வு கிழிஞ்சிருக்குது, ரொம்ப நாளாவேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. தறிச் சத்தத்துல பொறந்து வளந்த காதுங்க. அது என்னத்துக்கு ஆகும்? அதைப் போயி என்ர தலையில கட்டறாங்க. தாளாளரு சொல்லிப்போட்டாரு, மெஷின் கோளாறுன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டா, ஆளையே அடிக்கிற மெஷினு, அந்தக் கலவரத்துல பையன் மேல கை பட்டுருச்சுன்னு பேசி முடிச்சரலாம். அந்தப் புள்ளை வேணுமுன்னு பண்ணுச்சுன்னு ஆச்சுன்னா, எதுக்குப் பண்ணுச்சுன்னு கேப்பாங்க. அங்கதான் நான் மாட்டுவேன்.

நான் என்ன நினைச்சேன், புள்ளை பயந்து போயிருக்கும், நாமளே கூப்புட்டு தைரியம் சொல்லலாமுன்னு. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். வந்துச்சு, மௌலியையும் கூட்டிக்கிட்டு. அவன் கதவுகிட்டயே நின்னுட்டான். கண்ணு, நீ ஒண்ணும் பயப்படாத, மெஷினு தானா ஓடி வந்துருச்சுன்னு சொல்லிப்போடு, உன்னை ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னேன்.

"தானா வரலீங்க சார். நான்தான் ஓட்டுனேன்."

கை தவறியிருக்கும் கண்ணுன்னேன்.

"தவறலீங்க சார். ரெண்டு வாட்டி சொன்னேன், நீங்க நிறுத்தலை. அவனுக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும், நீங்க நிறுத்த மாட்டீங்கன்னும் தெரியும்."

எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு தம்பி, நெசமாலுமே. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு புள்ளையான்னு. மெஷினு பண்ணுன தப்பைத் தான் பண்ணுனதாச் சொல்லி ஏத்துக்குதே. நான் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன், நீ நல்ல மனசுக்காரி, ஆனா இப்படிச் சொன்னீன்னா டி.சி. குடுத்துருவாங்க, படிப்பு போயிரும், போலீசு கீலீசுன்னு ஆயிரும், மெஷின் கோளாறுன்னு சொல்லிப்போடு சாமி. கையை உருவிக்கிச்சு.

"பூரானுக்கு ஒரு கோளாறும் இல்லீங்க சார். இத்தனை மாசத்துல நான் சொல்லாத எதையும் அது செஞ்சதில்லை. அன்னிக்கும் நான் சொன்னதைத்தான் செஞ்சுது. அது மேல பழி போடாதீங்க."

ஒரு மெஷினுக்காக இத்தனை ரோசமாங்க? இரும்பு, வயரு, நாலு நட்டு. அதுக்கு மானம் போகுதுன்னு தன்ர படிப்பைக் குடுக்குது. நானும் விடலை, கோளாறு இல்லீன்னு நீ எப்படிச் சொல்லுவ, நீ என்ன பெரிய இன்ஜினீயரான்னு ஒரு சத்தம் போட்டேன். கையும் ஓங்கிட்டேன், பழக்கதோசம். படுத்துக்கிட்டு எட்டலை.

"வேணுமுன்னா விசாரணையில ஓட்டிக் காட்டறேன் சார். எங்க நிறுத்தச் சொல்றாங்களோ அங்க நிறுத்தறேன். நீங்க அன்னிக்கு நின்னாப்பல வந்து நின்னீங்கன்னாப் போதும்."

சிரிச்சனுங்க நான். புள்ளை வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு சிரிச்சேன். கதவுகிட்ட நின்னவன் சிரிக்கலை, அவன் காதுல எங்க வுளுந்திருக்கும்? அவளும் சிரிக்கலை.

காத்தால தாளாளரு போன் பண்ணுனாரு. விசாரணைக்கு வந்தவங்ககிட்ட இந்தப் புள்ளை நேராவே போயிக் கேட்டிருக்குது, மெஷினை ஓட்டிக் காட்டறேன், கோளாறு இருக்குதா இல்லையான்னு நீங்களே பாருங்கன்னு. அவங்களும் சரின்னுட்டாங்களாம். கிரவுண்டுல, நம்ம கபடிக் கோர்ட்டுலயே, சுண்ணாம்புக் கோடு போட்டுப் பூரானை எறக்கி வெச்சாச்சாம். என்னையும் எங்க நின்னீங்கன்னு காட்டச் சொல்லுவாங்க போல. லாக்கு போட்டிருக்குதான்னு கேட்டேன். அதைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியலை. லாக்கு என்ர துணியோட சேந்து அந்தக் கோயமுத்தூரு ஆஸ்பத்திரியிலயே போச்சு, யாரு கண்டா?

பயமா? எனக்கா? இருவது வருசமா அந்தக் கோர்ட்டுல நின்னவனுங்க. மெஷின் கோளாறுன்னு சொல்லுவேன், திரும்பி வந்துருவேன். புள்ளை என்ன பண்ணிரும்? அத்தனை பெரியவங்க இருக்கறப்ப.

அதா, அந்த வளைவுதான், எறங்கோணும். கண்டக்டர், ஸ்கூல் ஸ்டாப்பு. தம்பி, அந்த ஊன்றுகோலை எடுங்க. பையி கெடக்கட்டும், அது நான் தோள்ல மாட்டிக்குவேன். உங்களுக்கு அவசர வேலை ஒண்ணும் இல்லையே? அடுத்த பஸ்ஸு சித்த நேரத்துலயே வந்துரும், நான் ஏத்தி உடறேன். ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க, பேசவும் வேண்டாம். கேட்டுல இருந்து கிரவுண்டு வரைக்கும் எங்கூட வந்தீங்கன்னாப் போதும். இந்த வலது பக்கம் இல்லீங்க, அதுதான் ஏற்கெனவே போச்சே. எடது கால் பக்கமா, சித்த ஒட்டி நடந்து வாங்க.